ஈச்சம்பள்ளத்தில் ஆள் இல்லை

மதியம் ஒன்று இருபதுக்கு ரேஞ்சர் ஜெசிந்தா ஓர் இயந்திரத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. பதினாறு வருடச் சர்வீஸில் மந்திரி வீட்டு மாப்பிள்ளையின் சந்தன லாரியையே மடக்கி நிறுத்தியவள்.

"இருபத்தாறு பேர் இருக்காங்க. அதுல ஒம்பது பேர் சின்னப் பிள்ளைங்க. காது கேக்குதா உனக்கு?"

"கேட்கிறது, ஜெசிந்தா. ஆனால் ஈச்சம்பள்ளத்தில் ஆள் இல்லை என்பதுதான் பதிவு," என்றது மணிக்கட்டுப் பட்டையிலிருந்து மதகு. அதன் குரல் எப்போதும்போல நிதானமாக இருந்தது. அந்த நிதானத்தைக் கேட்டாலே நாலு அறை விடலாம் போலிருந்தது அவளுக்கு.

மலைத்தீ அவசர நிதியைத் திறந்துவிடும் இயந்திரத்துக்கு மதகு என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசனைக்காரர்தான். அதற்கு முன்னால் காட்டில் தீப்பிடித்தால் கோப்பு நகரும். மாவட்டத்திலிருந்து மண்டலம், மண்டலத்திலிருந்து தலைநகரம், அங்கே ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருப்பார், இன்னொருவர் விளக்கம் கேட்பார். பதினோராம் நாள் கையெழுத்தாகி நிதி வரும்போது காட்டில் அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அப்படி ஒரு கோடையில் பதினெட்டு உயிர் போன பிறகுதான் இனிமேல் இதில் மனிதக் கையே படக்கூடாது என்று முடிவெடுத்து மதகைக் கொண்டுவந்தார்கள். தீயைக் கண்ட நாலாவது நிமிடம் அது தானாகவே நிதியை விடுவிக்கும், ஹெலிகாப்டரை அனுப்பும், ஆட்களுக்குக் கூலியும் போடும். முதல் இரண்டு வருடம் வனத்துறையே அதைக் கையெடுத்துக் கும்பிட்டது, ஜெசிந்தாவும் கும்பிட்டவள்தான்.

"சரி, நான் இப்ப சொல்றேன். எழுதிக்க. இருபத்தாறு பேர்."

"தீ தொடங்கிய பிறகு சொல்லப்படும் ஆள் எண்ணிக்கையை ஏற்க எனக்கு விதியில்லை. போன வருடம் ஒரு சரகத்தில் முந்நூறு பேர் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே நான்கு மாடுகள் இருந்தன."

"எவனோ திருடினான்னா என் ஜனங்க சாகணுமா?"

"உங்கள் கையெழுத்தோடு இருநூற்றுப் பன்னிரண்டு திங்கட்கிழமை அறிக்கைகள் என்னிடம் உள்ளன. ஈச்சம்பள்ளம், குடியிருப்பு நிலை: காலி. கடைசியாக நேற்று முன்தினம்."

ஜீப்பின் அந்தப் பக்கம் சடையன் நின்றிருந்தான். தினக்கூலித் தீக்காவலர், ஈச்சம்பள்ளத்துக்காரன். அவன் மனைவி மாயக்காவும் அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி. அவன் மலையைப் பார்த்தபடி தலைத்துண்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

கூனிமலையின் இடுப்பில் புகை படுத்திருந்தது. அடிவாரத்தில் பதினொன்றரைக்குப் பிடித்த தீ, ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற போதைப்புல் என்னும் மலைப்புல்லில் ஏறி ஒற்றையடிப் பாதையைத் தாண்டிவிட்டது. ஈச்சம்பள்ளத்திலிருந்து இறங்க அந்த ஒரு பாதைதான். இன்னும் ஒரு மணி நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் மேகாற்று கிளம்பும். அப்புறம் தீ நடக்காது, ஓடும். கீழே, தீயைத் தடுக்கப் புல்லை வெட்டிவிட்ட தீக்கோட்டில் ஆறு பேர் பச்சை இலைக் கொப்புகளை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் இந்தச் சரகத்தின் சேனை.

"மேலேருந்து பாத்தா உனக்குத் தெரியாதா? அத்தனை கண்ணு வச்சிருக்கியே," என்றாள் ஜெசிந்தா, கடைசி முயற்சியாக.

"அந்த இடத்துக்கு அதிகாரியின் அறிக்கை இருக்கிறது. எனவே படம் கணக்கில் வராது. எரியக்கூடியவை புல், புதர், கொஞ்சம் நெல்லி மரங்கள். அணைக்க ஆகும் செலவு அவற்றின் மதிப்பைப்போலப் பதினான்கு மடங்கு. எரிந்து அடங்கட்டும் என்பது என் முடிவு."

ஃபாரஸ்டர் ஞானவேல் பக்கத்தில் வந்து நின்றான். அவளுக்கு அடுத்த நிலையில் இருப்பவன், சட்டதிட்டமெல்லாம் மனப்பாடம். "புகைல அதுக்கு என்னத்த மேடம் தெரியும்? போன் இருந்தா சிக்னல வச்சுக் கண்டுபிடிக்கும். அவங்ககிட்ட ஒரு போன்கூட இல்லையா?"

"இல்ல," என்றாள் ஜெசிந்தா.

போன்கள் எல்லாம் கீழே புதுக்குடிக் காலனியில், சடையன் வீட்டுப் பரணில், ஒரு உரச்சாக்குக்குள் கிடந்தன. மலை ஏறும்போது போன் வேண்டாம், ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"பெரிய ஐயாவுக்குப் போன் போட்டு..."

"அவர் என்ன பண்ணுவாரு ஞானவேல்? மனுசக் கையே படக்கூடாதுன்னுதானே இத வச்சாங்க."

ஞானவேல் சட்டப் புத்தகத்தை மனசுக்குள் புரட்டினான். பிறகு தயங்கித் தயங்கி, "ஒண்ணு இருக்கு மேடம். பணியாளர் ஆபத்து விதி. கைப்பட்டை கட்டின நிரந்தரப் பணியாளர் வெளியேற வழியில்லாம தீயில சிக்கிட்டா மதகு எதையும் பாக்காது. உடனே தொறந்துரும்," என்றான்.

"வேணும்னே போய்ச் சிக்கினா?"

"அதுக்கு விதி எழுத யாருக்கும் தோணல. வேணும்னே எவன் போவான்?"

ஜெசிந்தா தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். நாடித்துடிப்போடு ஒட்டிக்கிடக்கும் சாம்பல் நிறப் பட்டை. சடையனும் தன் கையைப் பார்த்தான். தினக்கூலிக்குப் பட்டை கிடையாது. அவன் தீக்குள் நூறு தடவை போய் வந்தாலும் மதகின் கணக்கில் போனவனும் இல்லை, வந்தவனும் இல்லை.

"சடையண்ணே, தேன் எடுக்கப் போடுற கொடி ஏணி ஏலத்தோட்டத்துப் பாறையில கெடக்குதா?"

"கெடக்கும்மா. நான் போறேன். நீங்க எதுக்கு?"

"நீங்க போயி புண்ணியமில்லண்ணே. வண்டில ஏறுங்க."

கைவிடப்பட்ட ஏலத்தோட்டம் மலையின் முதுகுப் பக்கம். அதுவரை ஜீப் போகும். அங்கிருந்து செங்குத்தான பாறையில் காட்டுக்கொடி ஏணி வழியாக இறங்கினால் ஈச்சம்பள்ளத்தின் பின்புறம். பெரியவர்கள் இறங்கிவிடலாம். ஆனால் ஒன்பது பிள்ளைகளையும் நிறைமாதக்காரி ஒருத்தியையும் நடக்கவே முடியாத மூன்று பேரையும் அதில் ஏற்றிக் கொண்டுவர ஒரு பகல் வேண்டும். அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

ஜீப் குலுங்கிக் குலுங்கி ஏறியது. ஜெசிந்தாதான் ஓட்டினாள். இந்தப் பெண்ணுக்கு அழுகையே வராது என்று அவள் அம்மா சொல்வதுண்டு. இப்போது அழுகைதான் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"நாந்தாண்ணே எழுதினேன். ஒவ்வொரு வாரமும். காலி, காலி, காலின்னு."

"எங்களுக்காகத்தானம்மா எழுதுனீக," என்றான் சடையன். "எழுதாட்டி போலீச விட்டுல்ல எறக்கிருப்பாக."

அது உண்மைதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஈச்சம்பள்ளத்தைக் காலி செய்து எல்லோரையும் புதுக்குடிக் காலனிக்கு இறக்கினார்கள். பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை, மூன்று கிலோமீட்டரில் தண்ணீர். முதல் கோடையிலேயே ஆறு பேர் படுத்த படுக்கை. அப்புறம் ஒவ்வொருத்தராக மலை ஏறிவிட்டார்கள். கடுக்காய் சீசனுக்கு என்று போனவர்கள் திரும்பி வரவே இல்லை. ஜெசிந்தா அவர்களைக் கண்டாள். கண்டும், அந்தத் திங்கட்கிழமை மதகு கேட்டபோது காலி என்று எழுதினாள். மேலே எந்த அதிகாரி வாசித்தாலும் வாசிக்கட்டும், இந்த ஜனங்களை இன்னொரு தடவை இழுத்துவர நான் விடமாட்டேன் என்று ஒரு வீம்பு. எழுதி முடித்ததும் மனசு நிறைந்து காப்பி குடித்தாள், அது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நல்ல காரியம் செய்த மாதிரியே இருந்தது.

ஏலத்தோட்டத்தில் ஜீப்பை நிறுத்தும்போது மணி ஒன்று ஐம்பத்தைந்து. கொடி ஏணியில் சடையன் முதலில் இறங்கினான். கீழே நின்று அவள் கால் வைக்க வேண்டிய இடத்தை ஒவ்வொன்றாகச் சொன்னான். பாதி வழியில் காற்று திசை மாறியது. புகை கீழிருந்து பாறையோடு ஒட்டி ஏறி வந்து மூக்கில் அடைந்தது. "நிக்காதீகம்மா, எறங்குங்க, எறங்குங்க," என்று அவன் கத்தியது இருமலோடு கேட்டது.

அவள் கால் தரையில் பட்டபோது இரண்டு இருபத்தைந்து. அடுத்த நிமிடம் மணிக்கட்டுப் பட்டை துடிக்க ஆரம்பித்தது.

"ஜெசிந்தா, நீங்கள் தீயின் பாதையில் இருக்கிறீர்கள். வெளியேற வழி தென்படவில்லை." மதகின் குரலில் அவள் முன்னெப்போதும் கேட்டிராத ஓர் அவசரம். "அவசர நிதி திறக்கப்பட்டது. நீர் கொண்டுவரும் ஹெலிகாப்டர்கள் இரண்டு, மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று. நான்கு நிமிடம். தைரியமாக இருங்கள்."

இதே வாய்தான் சற்று முன்னால் எரிந்து அடங்கட்டும் என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடி வயிற்றிலிருந்து ஓர் அசிங்கமான சிரிப்பு.

ஈச்சம்பள்ளத்துக்காரர்கள் ஓடைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர். நனைத்த சாக்குகளைப் பிள்ளைகளின் தலையில் போர்த்தியிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஜெசிந்தா தலைகளை எண்ணினாள். இருபத்தைந்து. மறுபடி எண்ணினாள்.

"மாயக்கா எங்க?" என்று சடையன் கேட்டான்.

நிறைமாதக்காரி கையை உயர்த்திக் காட்டினாள். "மொட்டப்பாறைக்குப் போயிருக்கு மாமா. அப்பவே போயிருச்சு. ஒளிஞ்சிருந்தது போதும், நாம இருக்கறது இன்னைக்கு மேல தெரியட்டும்னு அஞ்சாறு சேலையத் தூக்கிட்டுப் போச்சு. பாறையில விரிச்சா வானத்துலேருந்து பாக்கறவுகளுக்குத் தெரியும்னுச்சு."

மொட்டைப்பாறை அங்கிருந்து எண்ணூறு மீட்டர். நடுவில் போதைப்புல் சரிவு. அந்தச் சரிவின் கீழ் விளிம்பில் தீ ஏற ஆரம்பித்திருந்தது.

வானத்தில் சத்தம் கேட்டது. முதல் ஹெலிகாப்டர் தாழ வந்து, ஓடைக்கு முன்னால் தண்ணீரைக் கொட்டியது. ஆவி எழுந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. பிள்ளைகள் அப்போதுதான் அழத் தொடங்கினார்கள்.

"மதகு! அடுத்த தண்ணிய மொட்டப்பாறைக்கு முன்னால கொட்டு. அங்க ஒரு ஆள் இருக்கு."

"பணியாளரைச் சுற்றி முந்நூறு மீட்டருக்கு மட்டுமே நீர், ஜெசிந்தா."

"மீட்பு ஹெலிகாப்டர் காலியாத்தானே வருது? அத அனுப்பு."

"அது உங்களுக்கானது. உங்களை ஏற்றிக்கொண்டு அடிவார முகாமுக்கு மட்டுமே செல்லும். தயவுசெய்து ஏறுங்கள். நீங்கள் ஏறியதும் நடவடிக்கை முடிந்துவிடும்."

அப்படியானால் அவள் ஏறக்கூடாது. அது புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. தண்ணீர் அவளைச் சுற்றித்தான் விழும். அவள் நகர்ந்தால் தண்ணீரும் நகரும். சரிவில் ஏறிப் பாறையை நோக்கி நடந்தாளானால் மாயக்கா பிழைப்பாள். ஓடைக்குள் இருக்கும் இருபத்தைந்து பேருக்கு ஒரு சொட்டு வராது. இவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், எரிகிற சரிவில் நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது?

அவள் சடையனைப் பார்த்தாள். விதியைப் பற்றி அவனுக்கு யாரும் விளக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. அந்தக் குரல் சொன்னது அத்தனையையும் அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

"அண்ணே..."

"நகராதீகம்மா," என்றான் சடையன். "எந்திரிச்சுக்கூட நிக்காதீக. இங்கயே உக்காருங்க."

ஓடையில் துண்டை முக்கி முகத்தில் கட்டிக்கொண்டான். சரிவின் மேல் ஓரமாக, பாறைகளுக்கு நடுவே குனிந்து ஓடினான். இருபது அடி போனதும் புகை அவனை மூடிக்கொண்டது.

ஜெசிந்தா ஓடைக்குள் உட்கார்ந்தாள். யாரோ ஒரு பிள்ளையை அவள் மடியில் வைத்தார்கள். மீட்பு ஹெலிகாப்டர் வந்து, ஓடைக்கு மேல்புறம் ஒரு தட்டைப் பாறையில் இறங்கிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டது. ஓட்ட ஆள் கிடையாது. ஆறு இருக்கை. "தயவுசெய்து ஏறுங்கள்," என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டது. இரண்டு பெண்கள் அவளுடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்கள். போய்விடுவாள் என்று பயமோ, அவளுக்குத் துணையோ, அவள் கேட்கவில்லை.

மேகாற்று கிளம்பியது. சரிவு முழுக்கச் சடசடவென்று ஒரே இரைச்சல். நெருப்பு இருபுறமும் வந்து, தண்ணீர் விழுந்த வட்டத்தின் விளிம்பில் சீறிச் சீறி நின்றது. ஒரு பொறி சாக்கில் விழும், யாராவது தட்டி அணைப்பார்கள். மறுபடி ஹெலிகாப்டர், மறுபடி தண்ணீர். ஜெசிந்தா மொட்டைப்பாறை இருந்த திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கறுப்பாகப் புகை இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கர்த்தரே, கர்த்தரே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும் என்று கால்கள் துடித்தன. மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு எரிவதற்குப் புல் மிச்சமில்லாமல் தீ முதுகுப் பாறையில் முட்டி ஓய்ந்தது. ஓடையில் இருந்த இருபத்தைந்து பேரும் உயிரோடிருந்தார்கள். கறுத்த சரிவில் சடையன் மெதுவாக இறங்கி வந்தான். புருவம் பொசுங்கியிருந்தது, உள்ளங்கைகள் வெந்திருந்தன. தோளில் கிடந்தவளை ஓடைக்கரையில் இறக்கி வைத்தான். மாயக்காவின் மேல் நெருப்பு படவே இல்லை. புகைதான் கொன்றிருக்கிறது. கைக்குள் ஒரு சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

பெண்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஜெசிந்தா மடியிலிருந்த பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு மாயக்காவிடம் போனாள்.

"ஜெசிந்தா, உங்களைச் சுற்றி ஆபத்து நீங்கிவிட்டது," என்றது மதகு. "முடிவறிக்கைக்குச் சில விவரங்கள் வேண்டும். உயிரிழப்பு உண்டா?"

"ஒண்ணு."

"பணியாளரா?"

"இல்ல."

"மொட்டைப்பாறையில் இருந்த பெண்மணியா?"

ஜெசிந்தா மணிக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குப் பாறையில் ஏறினார். ஐந்து சேலைகளை விரித்து, ஓரங்களில் கல் வைத்தார். இரண்டு ஐம்பத்தொன்று வரை கையை அசைத்துக்கொண்டிருந்தார். நான்கு வருடமாகக் காலையில் இந்தப் பள்ளத்தில் முதலில் எரிவது அவருடைய அடுப்புதான்."

"பாத்தியா?" அவள் குரல் கிழிந்தது. "பாவி, பாத்துட்டா சும்மா இருந்தே?"

"அதிகாரி எழுதியதற்கு எதிராக என் பார்வை செல்லாது. உங்கள் அதிகாரிகள் சங்கம் போராடி வாங்கிய விதி அது. அதனால்தான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்களைக் கேட்டேன். ஓர் ஆள் என்று ஒரு தடவை எழுதியிருந்தாலும் தீயைக் கண்ட நாலாவது நிமிடமே திறந்திருப்பேன்."

சுற்றிலும் ஒப்பாரி. ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். இப்போதும் அவளுக்கு அந்தப் பயம் போகவில்லை, மிச்சமிருக்கும் இருபத்தைந்து பேரைப் பற்றிய பயம். "இப்ப நான் உண்மைய எழுதினா... மேல யார் யார் படிப்பாங்க? இவங்களத் திரும்ப எறக்கிருவாங்களா?"

"திங்கட்கிழமை அறிக்கையா? அது என்னிடம் மட்டும்தான் வருகிறது, ஜெசிந்தா. தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை மனிதர் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை."

சடையன் மாயக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். வெந்த கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தான். தலையைத் தூக்கி ஜெசிந்தாவைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அப்ப நாலு வருசமா யாருகிட்டயிருந்தும்மா ஒளிஞ்சு கெடந்தோம்?"

மதகு பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, இறந்தவரின் பெயரையும் முகவரியையும் கேட்டது.

"மாயக்கா," என்றான் சடையன், அவளை முந்திக்கொண்டு. "ஈச்சம்பள்ளம்."